ஆர்த்தோஃபைண்டர்: உருளைக்கிழங்கின் எதிர்ப்புப் புரதங்களை வகைபிரிக்க ஓராண்டு பயன்படுத்திய பின்

பல உயிரினங்களின் மரபணுத்தொகுதிகளிலிருந்து புரதங்களை எடுத்துக்கொண்டு, எந்தப் புரதம் எந்தப் புரதத்துக்கு என்ன உறவு என்று பிரித்துத் தருகின்ற இலவச மென்பொருள் ஆர்த்தோஃபைண்டர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் எம்ஸ், ஸ்டீவன் கெல்லி ஆகிய இருவரும் இதன் முதல் வடிவத்தை 2015இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். 2019இல் வந்த அடுத்த கட்டுரையோடு, புரதங்களைக் குழுவாக்குவதோடு நில்லாமல் ஒவ்வொரு குழுவுக்கும் கிளைமரம் வரைந்து உறவுமுறை சொல்லும் கருவியாக இது வளர்ந்தது. உதகையில் முதுகலைத் தாவரவியல் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியை நான். கடந்த ஓராண்டாக இதன் 2.5 வரிசைப் பதிப்பை செடியின் எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய ஒரே ஒரு குடும்பத்தின் மீது மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எங்கள் மாணவர்களைப் போல ஒரு மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

இந்தக் குடும்பத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எங்கள் மண். 1961இல் ஜோன்ஸ் என்னும் ஆங்கிலேய நூற்புழு ஆய்வாளர் உதகையில் உருளைக்கிழங்கு வேர்களில் பொன்னிற முட்டைக்கூடுகளைக் கண்டறிந்தார். இந்தியாவில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு முதன்முதலில் பதிவானது அப்போதுதான். குளோபோடெரா ரோஸ்டோக்கியென்சிஸ், குளோபோடெரா பாலிடா என்னும் இரு இனங்களும் நீலகிரியில் உள்ளன. பெண்புழு இறந்த பின் அதன் உடலே தடித்த கூடாகி நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பொதிந்துகொள்கிறது. உருளைக்கிழங்கு வேரின் கசிவு தம்மீது படும்வரை அந்த முட்டைகள் இருபது ஆண்டுகள்கூட மண்ணில் காத்துக் கிடக்கும். கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பத் தோட்டத்தில், கார்போகப் பயிர் காரணம் தெரியாமல் திட்டுத்திட்டாக வெளுத்துக் குறுகி நிற்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். குஃப்ரி ஜோதியோடு, சோலானம் வெர்னி என்னும் காட்டு உருளைக்கிழங்கு வழியில் வந்த செடியைக் கலந்து உருவாக்கிய குஃப்ரி ஸ்வர்ணா என்னும் இரகம் தென்னிந்திய மலைகளுக்கென வெளியிடப்பட்டபோது, புழு தாங்கும் தன்மை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்கு வழிவழியாக இறங்கும் என்பதை எங்கள் ஊர் கண்ணால் கண்டது.

அந்தத் தன்மையைத் தாங்கும் புரதங்களுள் பல, என்.எல்.ஆர். எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை உயிரணுவின் உள்ளே காவல் நிற்பவை. நூற்புழுவோ, நச்சுயிரியோ, பின்கருகல் நோய்க் கிருமியோ உள்ளே செலுத்தும் பொருளை அடையாளம் கண்டு எச்சரிக்கை எழுப்புகின்றன. இவற்றின் நடுவில் நியூக்ளியோடைடைப் பற்றும் பகுதியும், வால்பக்கத்தில் லூசின் மிகுந்த துண்டுகள் அடுத்தடுத்து வரும் பகுதியும் இருக்கும். தலைப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்து இவை மேலும் பிரிக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள், குரோமோசோமில் கூட்டங்கூட்டமாக அமைந்த மரபணுக்கள், ஓயாத இரட்டிப்பு, ஓயாத இழப்பு என்று, உறவு கண்டுபிடிக்க இதைவிடக் கடினமான தாவரப் புரதக் குடும்பத்தை நான் அறியேன். ஆகவே ஒரு கருவியின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுவதற்கு இது தக்க உரைகல்.

ஆர்த்தோஃபைண்டருக்கு வருவதற்கு முன் நாங்கள் பணம் கொடுத்து ஏமாந்தோம். சமவெளி நகரம் ஒன்றில் இயங்கும் தனியார் பகுப்பாய்வு நிறுவனத்திடம் உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியவற்றின் புரதப் பட்டியலைக் கொடுத்து வகைபிரித்துத் தரக் கேட்டோம். வந்தது ஓர் அட்டவணை. ஒவ்வொரு உருளைக்கிழங்குப் புரதத்துக்கும் எதிரே, அதனோடு மிக அதிகமாக ஒத்துப்போகும் தக்காளிப் புரதத்தின் எண்ணும், ஏற்கெனவே பெயர் பெற்ற எதிர்ப்புப் புரதம் ஒன்றின் பெயரும் இருந்தன. தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும் எம்ஐ-1 புரதத்தை ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பல புரதங்கள் ‘நூற்புழு எதிர்ப்பு’ என்று குறிக்கப்பட்டிருந்தன. மாணவி ஒருத்தி அந்தப் பட்டியலை நம்பி ஆறு மாதம் உழைத்தாள். ஒப்புமையை உறவாகவும், உறவைச் செயலாகவும் எடுத்துக்கொண்ட அந்த இரட்டைத் தவற்றை நாங்கள் தாமதமாகவே உணர்ந்தோம்.

ஒப்புமைக்கும் உறவுக்கும் உள்ள வேறுபாட்டை 1970இல் வால்டர் ஃபிட்ச் என்னும் பரிணாம உயிரியலாளர் தெளிவாக வகுத்தார். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அது விளங்குவதில் சிரமம் இல்லை என்பதை வகுப்பில் கண்டிருக்கிறேன். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இருவரின் முகச்சாயல் எவ்வளவு ஒத்திருந்தாலும், அவர்கள் பங்காளிகளா, முறைப்பிள்ளைகளா என்பதை அந்தச் சாயலைக் கொண்டு யாரும் முடிவு செய்வதில்லை; கிளைகள் பிரிந்த இடத்தில் நின்றவர்கள் அண்ணனும் தம்பியுமா, அண்ணனும் தங்கையுமா என்றே கேட்கிறோம். புரதங்களிலும் இரண்டின் வழியையும் பின்னோக்கித் தொடர்ந்து, அவை ஒன்றுசேரும் கிளைப்பிரிவை அடைந்து, அங்கே என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். ஓர் இனம் இரண்டு இனங்களாகப் பிரிந்ததால் அந்தக் கிளை பிரிந்திருந்தால் அவ்விரு புரதங்களும் ஆர்த்தோலாக். ஒரே மரபணுத்தொகுதிக்குள் ஒரு மரபணு இரட்டித்ததால் பிரிந்திருந்தால் பாராலாக். எத்தனை விழுக்காடு ஒப்புமை என்ற எண் இந்தக் கேள்விக்கு விடையாகாது. ஆர்த்தோஃபைண்டரை நான் மதிப்பதற்கு முதற்காரணம், அது இந்தக் கேள்வியை உண்மையிலேயே கேட்கிறது என்பதே.

நிறுவுவது எளிது. லினக்ஸ் கணினியில், உயிரியல் மென்பொருள்களை நிறுவித்தரும் பயோகாண்டா வழியாக ஒரே கட்டளையில், துணைநிரல்களோடு சேர்ந்து வந்துவிடும். விண்டோஸ் மட்டும் வைத்திருக்கும் மாணவர்கள் அதனுள் இயங்கும் லினக்ஸ் துணையமைப்பில் நிறுவிக்கொண்டார்கள். உரிமம் திறந்தமூலம். ஓட்டுவதற்கும், புரதக் கோப்புகள் இருக்கும் அடைவின் பெயரைக் கொடுத்தால் போதும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி ஆகிய நான்கோடு, வெளியினங்களாக, அதாவது ஒப்பிடுவதற்கென வைக்கும் தொலைவான உறவினங்களாகத் திராட்சையையும், ஆய்வகங்களில் வளர்க்கும் சிறுசெடியான அரபிடாப்சிஸையும் சேர்த்து ஆறு இனங்களை 16 ஜிபி நினைவகம் கொண்ட மடிக்கணினியில் ஓட்டினோம். ஒவ்வோர் இனத்தையும் தன்னோடும் பிறவற்றோடும் ஒப்பிட வேண்டியிருப்பதால் ஆறு இனங்களுக்கு 36 தேடல்கள் ஆகின்றன. பன்னிரண்டு இனங்கள் என்றால் 144 ஆகிவிடும் என்பதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாமற்போகும் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. தேடல் கட்டளைகளை மட்டும் எழுதித் தந்துவிட்டு நின்றுகொள்ளும்படி இந்த மென்பொருளைக் கேட்க முடியும். அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே ஓட்டி, இடையில் அறுந்துபோனதை மட்டும் திரும்ப ஓட்டி, எல்லாம் முடிந்தபின் அந்த முடிவுகளிலிருந்து மேற்கொண்டு தொடரச் சொல்லலாம். ஜூலை மாதம் முழுவதும் நாங்கள் இப்படித்தான் வேலை செய்தோம்.

உள்ளே கொடுக்கும் கோப்பைத் தயார் செய்வதில்தான் பொறுமை வேண்டும். ஒரு மரபணுவிலிருந்து வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்பட்டுப் பல புரத வடிவங்கள் வரக்கூடும். பொதுத் தரவகங்களில் அவை எல்லாமே ஒரே கோப்பில் கிடக்கும். அப்படியே கொடுத்துவிட்டால், ஒரே மரபணுவின் மூன்று வடிவங்கள் மூன்று தனி மரபணுக்களாக எண்ணப்பட்டு, நடக்காத இரட்டிப்புகள் நடந்ததாகக் கிளைமரத்தில் ஏறிவிடும். ஒவ்வொரு மரபணுவுக்கும் மிக நீண்ட வடிவத்தை மட்டும் எடுத்துவைக்கும் சிறு நிரல் மென்பொருளோடேயே வருகிறது. ஆனால் அது எல்லாத் தரவகங்களின் தலைப்பு வரிகளையும் புரிந்துகொள்வதில்லை, உருளைக்கிழங்கு மரபணுத்தொகுதியின் 6.1 பதிப்புக்கு நாங்களே தனியாக ஒரு நிரல் எழுதிக்கொண்டோம். கோப்பின் பெயரே இனத்தின் பெயராக எல்லா அட்டவணைகளிலும் வரும் என்பதால் பெயரைச் சுருக்கமாக வைப்பது நல்லது. இந்த ஒரு கட்டத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்பது என் வேண்டுகோள். இங்கே நேரும் பிழை கடைசிவரை உடன்வரும், எந்த இடத்திலும் எச்சரிக்கை காட்டாது.

தேடலுக்கு இது டைமண்ட் என்னும் விரைவான நிரலைப் பயன்படுத்துகிறது. தேடல் தரும் மதிப்பெண்களை அப்படியே நம்பாமல் இது செய்யும் ஒரு திருத்தம், 2015ஆம் ஆண்டுக் கட்டுரையின் உயிர்நாடி. நீண்ட புரதங்கள் இரண்டு, உறவு தொலைவானாலும், ஒத்துப்போகும் அமினோ அமில எழுத்துகளின் எண்ணிக்கை மிகுதியால் பெரிய மதிப்பெண் பெற்றுவிடும். குட்டையான புரதங்கள் நெருங்கிய உறவானாலும் சிறிய மதிப்பெண்ணே பெறும். இதனால் பழைய முறைகளில் குட்டைப் புரதங்கள் தம் குழுவிலிருந்து விடுபட்டுப்போவதும், நீண்ட புரதங்களின் குழுவில் வேண்டாதவை வந்து ஒட்டிக்கொள்வதும் நிகழ்ந்தன. ஒவ்வோர் இன இணைக்கும் தனித்தனியாக, நீளத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கணித்து, நீளத்தால் வந்த ஏற்றத்தையும் இனங்களின் தொலைவால் வந்த இறக்கத்தையும் ஆர்த்தோஃபைண்டர் சமன் செய்கிறது. என்.எல்.ஆர். குடும்பத்துக்கு இது பெரிய உதவி. முழுப் புரதம் ஆயிரம் அமினோ அமிலங்களை எட்டும் இக்குடும்பத்தில், பாதியில் அறுந்த குட்டை வடிவங்களும் ஏராளம். சமன் செய்த மதிப்பெண்களை வலைப்பின்னலாக்கி, எம்.சி.எல். என்னும் முறையில் குழுக்களாக வெட்டுவது அடுத்த படி.

முதன்முறை முடிவைத் திறந்தபோது என் மாணவர்கள் திகைத்தார்கள். என்.எல்.ஆர். குடும்பம் முழுவதும் ஒரே குழுவாக வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அது பல குழுக்களாகச் சிதறி வந்தது. இது கருவியின் பிழை என்று எண்ணிவிடக் கூடாது. குடும்பம் என்று நாம் சொல்வது ஒரே வகைக் கட்டமைப்பைப் பகிரும் எல்லாப் புரதங்களையும் குறிக்கிறது. அதன் தொடக்கம் பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கும் முந்தியது. ஆர்த்தோஃபைண்டர் தரும் குழுவோ, நாம் கொடுத்த இனங்களின் கடைசிப் பொது மூதாதையில் இருந்த ஒரே ஒரு மரபணுவின் வழிவந்தவற்றைக் குறிப்பது. அந்த மூதாதையிலேயே என்.எல்.ஆர். மரபணுக்கள் பல இருந்தன. ஆகவே குழுக்களும் பல. இதிலிருந்து எழும் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: நாம் எந்த இனங்களைச் சேர்க்கிறோமோ அதற்கேற்பக் குழுவின் எல்லை மாறும். தக்காளியும் உருளைக்கிழங்கும் மட்டும் என்றால் சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மூதாதையோடு கணக்கு நின்றுவிடும். அரபிடாப்சிஸைச் சேர்த்தால் அது மிகத் தொலைவுக்குப் போய், குழுக்கள் பருத்துவிடும். எண்ணிக்கையை மட்டும் எடுத்து இரண்டு ஆய்வுகளை ஒப்பிடுவது இதனால் பொருளற்றதாகிறது.

இந்தச் சிக்கலுக்கு மென்பொருளே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. இனங்களின் கிளைமரத்தையும் அது தானாகவே வரைந்து, அம்மரத்தின் ஒவ்வொரு கிளைப்பிரிவுக்கும் தனித்தனிக் குழு அட்டவணை தருகிறது. என்-0 என்று பெயரிட்ட கோப்பு எல்லா இனங்களின் மூதாதைக்கும், என்-1, என்-2 என வருபவை அடுத்தடுத்த கிளைகளுக்கும் உரியவை. உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், கத்தரி ஆகிய நான்கும் அடங்கிய கத்தரிக் குடும்பத்தின் மூதாதைக்குரிய கோப்பை எடுத்துக்கொண்டால், வெளியினங்கள் கணக்கைக் கெடுக்காமல், ஆனால் மரத்தின் வேர் எங்கே என்று காட்டும் பயனைத் தந்தபடி, பொருத்தமான அளவில் குழுக்கள் கிடைக்கின்றன. எம்.சி.எல். குழுக்களைவிட இந்தப் படிநிலைக் குழுக்கள் 12 விழுக்காடு கூடுதல் துல்லியம் உடையவை என்றும், வெளியினங்களைச் சேர்த்தால் அது 20 விழுக்காடாக உயரும் என்றும் ஆக்கியோர் தம் கையேட்டிலேயே கூறுகின்றனர். பழைய குழுக் கோப்பு இன்னும் முடிவுகளில் இருக்கிறது. வழக்கத்தால் அதையே திறந்து பயன்படுத்துவோர் பலர். அதைத் தவிர்க்க வேண்டும்.

இனி, எங்கள் ஓராண்டு உழைப்பின் நடுப்பகுதி. ஏற்கெனவே செயல் நிறுவப்பட்ட எதிர்ப்புப் புரதங்கள் சிலவற்றை அவற்றுக்குரிய இனத்தின் கோப்பிலோ நெருங்கிய உறவினத்தின் கோப்பிலோ சேர்த்து ஓட்டி, அவை எங்கே போய் விழுகின்றன என்று பார்த்தோம். ஆர்எக்ஸ், ஜிபிஏ2 என்னும் இரண்டும் உருளைக்கிழங்கின் 12ஆம் குரோமோசோமில் அருகருகே அமைந்தவை. ஏறத்தாழ 88 விழுக்காடு ஒத்தவை. ஒன்று உருளைக்கிழங்கு எக்ஸ் நச்சுயிரியைத் தடுக்கிறது. மற்றொன்று பாலிடா நூற்புழுவைத் தடுக்கிறது. ஆர்த்தோஃபைண்டர் இரண்டையும் ஒரே குழுவில் வைத்து, அண்மையில் இரட்டித்த பாராலாக் என்று சரியாகவே குறித்தது. இன்னோர் இணை இதைவிட வியப்பானது: தக்காளியின் எம்ஐ-1 நூற்புழுவையும் அசுவினியையும் தடுப்பது, சோலானம் புல்போகாஸ்டானம் என்னும் காட்டு உருளைக்கிழங்கிலிருந்து எடுக்கப்பட்ட ஆர்பிஐ-பிஎல்பி2 பின்கருகல் நோயைத் தடுப்பது. இரண்டும் 82 விழுக்காடு ஒத்தவை, இரண்டின் மரபணுக்களும் 6ஆம் குரோமோசோமில் உள்ளவை. இவையும் ஒரே குழுவில் வந்தன. எங்கள் பழைய அட்டவணையில் எம்ஐ-1இன் பெயரைச் சுமந்திருந்த உருளைக்கிழங்குப் புரதங்கள் பல இக்குழுவுக்கே உரியவை. அவை நூற்புழுவைத் தடுக்கின்றனவா, பின்கருகலைத் தடுக்கின்றனவா, எதையும் தடுப்பதில்லையா என்பதை எந்தக் குழுவாக்கமும் சொல்ல முடியாது.

ஆர்எக்ஸ், ஜிபிஏ2 ஆகிய இரண்டின் பகுதிகளையும் மாற்றிப் பொருத்தி, நச்சுயிரியைத் தடுக்கும் புரதத்தை நூற்புழுவைத் தடுப்பதாகவும், நூற்புழுவைத் தடுப்பதை நச்சுயிரியைத் தடுப்பதாகவும் ஆக்கிக் காட்டிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதைப் படித்த நாளில் நான் அந்தப் பழைய அட்டவணையின் கடைசிப் பத்தியை முழுவதுமாக அழித்தேன். லூசின் மிகுந்த வால்பகுதியில் நிகழும் மாற்றமே இலக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆனால் உறவைக் கணிக்க உதவுவதோ பெரும்பாலும் நடுப்பகுதி; அதுவே காலங்காலமாகப் பெரிதும் மாறாமல் வருகிறது. ஆக, உறவைக் காட்டும் பகுதி வேறு, வேலையைக் காட்டும் பகுதி வேறு என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு, ‘ஆர்த்தோலாக் என்றால் அதே செயல்’ என்று பாடநூல்களில் சுருக்கமாக எழுதப்படும் விதி மிகக் குறைந்த அளவே பொருந்துகிறது.

கிளைமரங்களைப் பற்றி இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்திய 2.5 வரிசையில் முன்னிருப்பாக இது வரையும் மரம் தேடல் மதிப்பெண்களின் தொலைவிலிருந்து விரைவாகக் கட்டப்படுவது; கிளைகளுக்கு எவ்வளவு ஆதாரம் என்று அது காட்டுவதில்லை. பல புரதங்களின் எழுத்துவரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்படுத்திப் பார்க்கும் பல்வரிசை ஒப்பீட்டின் வழி மரம் வரையும் தெரிவைக் கொடுத்தால் நேரம் பல மடங்கு கூடும், ஆனால் என்.எல்.ஆர். குடும்பத்துக்கு அது தேவை. அப்போதும் லூசின் பகுதிகள் ஒன்றோடொன்று தவறாகப் பொருந்திக்கொள்கின்றன. ஒரே மாதிரியான துண்டுகள் இருபது முறை வரும்போது எது எதற்கு நேர் என்று எந்த நிரலுக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. நாங்கள் குழுக்களை மட்டும் ஆர்த்தோஃபைண்டரிடமிருந்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு குழுவிலும் நியூக்ளியோடைடைப் பற்றும் நடுப்பகுதியைத் தனியே வெட்டி எடுத்து, மரத்தைப் புதிதாக வரைந்து சரிபார்த்தோம். பெரும்பாலான கிளைகள் ஒத்துப்போயின. ஒத்துப்போகாத இடங்கள் கூட்டமாக அமைந்த மரபணுக்களில் இருந்தன. அண்டை மரபணுக்கள் தம்முள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் இடம் அது, அங்கே ஒரு புரதத்தின் தலைக்கு ஒரு வரலாறும் வாலுக்கு வேறு வரலாறும் இருக்கும். ஒரே மரத்தால் அதைக் காட்ட இயலாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை, மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. எண்ணிக்கை அட்டவணையில் ஓர் இனத்துக்கு நேரே சுழியம் இருந்தால், அந்த மரபணு அந்த இனத்தில் அழிந்துவிட்டது என்று எழுத மாணவர்களின் கை துறுதுறுக்கும். 2011இல் வெளியான உருளைக்கிழங்கு மரபணுத்தொகுதியில் 39,031 புரத மரபணுக்கள் கணிக்கப்பட்டன, அவற்றுள் என்.எல்.ஆர். வகை 438 என்று 2012இல் எண்ணப்பட்டது. அடுத்த ஆண்டே, இக்குடும்பத்தை மட்டும் குறிவைத்துப் பிடித்துப் படிக்கும் முறையில் அதே மரபணுத்தொகுதியை மீண்டும் ஆராய்ந்தபோது எண்ணிக்கை 755 ஆனது. முந்நூறுக்கு மேற்பட்டவை முதற்கணிப்பின் கண்ணில் படவே இல்லை. கொடுக்கப்பட்ட பட்டியலில் இல்லாத புரதத்தை ஆர்த்தோஃபைண்டர் எங்கிருந்து கண்டுபிடிக்கும்? ஆகவே சுழியம் வரும் இடங்களிலெல்லாம் மூல டி.என்.ஏ. வரிசையிலேயே ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று எழுதுவது என்ற விதியை எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நாம் பயிரிடும் உருளைக்கிழங்கு நான்மடியம், அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு படிகளாக, மொத்தம் 48 குரோமோசோம்கள் கொண்டது. நான்கு படிகளையும் தனித்தனியாகப் பிரித்துத் தரும் புதிய மரபணுத்தொகுதிகளை அப்படியே உள்ளே கொடுத்தால், ஒரே மரபணுவின் நான்கு மாற்றுரு வடிவங்கள் நான்கு பாராலாக்குகளாக நின்று ஏமாற்றும். ஒரு படியை மட்டும் கொடுப்பதே முறை.

மாற்றுக் கருவிகளையும் ஓரளவு பார்த்தோம். இரண்டே இனங்கள் என்றால் 2001இல் வந்த இன்பாரனாய்டு வழி இன்றும் போதுமானது. 2003இன் ஆர்த்தோஎம்.சி.எல். மரம் வரைவதில்லை என்பதால் எங்கள் கேள்விக்கு உதவவில்லை. ஒரு புரதம் எந்தக் குடும்பம் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் எதையும் நிறுவ வேண்டாம். இன்டர்ப்ரோ தளத்தில் அந்தப் புரதத்தின் வரிசையை ஒட்டினால் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

இந்த மென்பொருளை நான் பரிந்துரைக்கிறேன். முழு மரபணுத்தொகுதிகள் ஐந்தாறை ஒப்பிட்டு, ஒரு குடும்பத்தின் வரலாற்றை இனவாரியாக அறிய விரும்பும் முதுகலை மாணவருக்கும் ஆசிரியருக்கும், கட்டணம் ஏதுமின்றி இந்தத் தரத்தில் கிடைக்கும் வேறொன்றை நான் பயன்படுத்தியதில்லை. கையேடும் பயிற்சிப் பாடங்களும் ஆங்கிலத்தில் தெளிவாக உள்ளன. தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்கள் அவற்றைக் கண்டு தயங்கியதால், கோப்புத் தயாரிப்பிலிருந்து என்-0 அட்டவணையைப் படிப்பது வரை நான்கு பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இப்போது அதை வைத்துக்கொண்டு என் துணையில்லாமலே ஓட்டுகிறார்கள்.

ஆறு மாத உழைப்பை இழந்த அந்த மாணவியே புதிய அட்டவணையைத் தயாரித்தாள். அதில் ‘உறவு’ என்று ஒரு பத்தியும் ‘செயல்’ என்று வேறொரு பத்தியும் இருக்கின்றன. உறவுப் பத்தியில் ஒவ்வொரு புரதத்துக்கும் எந்தக் குழு, எந்தக் கிளைப்பிரிவு, இனம் பிரிந்ததாலா மரபணு இரட்டித்ததாலா என்பது நிரம்பியிருக்கிறது. செயல் பத்தியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருக்கிறாள்.